பம்பரம் விழுந்த பிறகு

செவ்வாயில் கால் தடுக்கி விழுவது நிதானமான காரியம். ஈர்ப்பு பூமியில் உள்ளதில் பாதிக்கும் குறைவு என்பதால், விழப்போகிறோம் என்று தெரிந்துகொண்டு, எந்தக் கையை ஊன்றலாம் என்று யோசித்துவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு பார்வையும் பார்த்துவிட்டு விழலாம். பரஞ்சோதி அன்று காலை பத்து மணிக்கு நான்காம் நீரேற்றி அறையில் அப்படித்தான் விழுந்தார். மாலை ஏழு மணிக்கு உணவுக்கூடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் காளான் குழம்பைப் பிசைந்துகொண்டே அதைச் சித்திரமாகப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஏழாம் வளைவு என்கிற அந்தக் குடியிருப்பில் அது அன்றாடம் நடப்பதுதான். குடியேற்றத்தின் தொடக்க காலத்தில், ஒரு குழம்புக் கரண்டியை முன்னிட்டு வந்த சண்டையில் ஒருவன் உள்ளே காற்றை அடைத்து வைத்திருக்கும் வெளிக்கதவைத் திறக்கப் போய்விட்டான். நல்லவேளை, கதவு கொஞ்சம் துருப்பிடித்திருந்தது. அதற்குப் பிறகு மனநலக் குழு கூடி யோசித்தது. வெளியே நடந்துவிட்டு வரலாம் என்றால் இங்கே வெளி என்று ஒன்று கிடையாது. ஆத்திரம் சிரிப்பாகப் போகட்டும் என்று ஒவ்வொரு வளைவிலும் சித்திரி என்ற படம் வரையும் இயந்திரத்தைப் பொருத்தினார்கள். சுவரெங்கும் உள்ள கேமரா வில்லைகள் வழியாகச் சித்திரி நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருக்கும். வேடிக்கையானவற்றைப் பொறுக்கி, பேரையும் முகத்தையும் மாற்றி, இருபது நிமிடத் தொடராக வரைந்து மாலையில் காட்டும். இருபத்தாறு வருடங்களாக யாரும் யார் மேலும் கை ஓங்கவில்லை.

அதில் ஒரு விதி இருந்தது. எல்லோரையும் சமமாகக் கேலி செய்தால் எல்லோருக்கும் மனக்கசப்புதான் மிஞ்சுகிறது, ஒருவரைக் கேலி செய்தால் மற்றவர்கள் ஒற்றுமையாகிவிடுகிறார்கள் என்று நிபுணர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். எனவே வளைவுக்கு ஒருவர் விழுந்தாக வேண்டும். ஏழாம் வளைவில் அந்தப் பாத்திரத்தின் பெயர் பம்பரம். தண்ணீர்ப் பிரிவில் வேலை பார்க்கிற, தொந்தி பெருத்த, இரண்டே முடி நட்டுக்கொண்டு நிற்கிற ஆள். பரஞ்சோதிக்குத் தொந்தி கிடையாது, தலைமுடியும் நரைத்ததே தவிரக் கொட்டவில்லை. ஆனால் அந்தத் தாங்கித் தாங்கி நடக்கும் நடை அவருடையது, பேச்சைத் தொடங்குமுன் தொண்டையைச் செருமுவது அவருடையது. ஒன்பது வருடங்களாகப் பம்பரம் அவர்தான் என்பது வளைவில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும்.

ஒன்பது வருடங்களும் அவர் சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தார். மகள் நிறைமதியின் கல்யாணப் பேச்சு வந்த பிறகுதான் அந்தச் சிரிப்பு வாயில் ஒட்டாமல் போயிற்று.

பையன் வடபனிக் குடியைச் சேர்ந்தவன், பெயர் கதிரேசன். துருவத்தில் பனி வெட்டி உருக்கி இங்கே குழாயில் அனுப்புகிற எழுபது பேர் கொண்ட ஊர் அது. குழாயில் ஒரு பழுது வந்தபோது அவனும் நிறைமதியும் மூன்று மாதம் தொலைபேசியிலேயே அதைச் சரிபார்த்தார்கள். பழுது இரண்டாம் வாரமே சரியாகிவிட்டது என்பதை இருவரும் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது பையனின் தாயார் செங்கமலம் நான்கு நாள் வண்டிப் பயணம் செய்து பெண் வீட்டைப் பார்க்க வருகிறாள். ஏழாம் வளைவின் தொடரை நாள் தவறாமல் பார்க்கிற ஊர் வடபனிக் குடி. எந்தப் பாத்திரம் யார் என்று வெளிக்குடிகளுக்குச் சொல்லக்கூடாது என்று சட்டம் இருந்தது, நிறைமதியும் சொல்லவில்லை. ஆனால் அந்த அம்மாள் வந்து உணவுக்கூடத்தில் உட்கார்ந்து, பரஞ்சோதி தொண்டையைச் செருமுவதை ஒருமுறை கேட்டால் போதும்.

நிறைமதி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தெரிந்தால் தெரியட்டும் என்றாள். மனைவி அமிர்தகலா விருந்துக்கு முறுக்கு மாவு எடுத்துவைக்கப் போனாள். மறுநாள் காலை பரஞ்சோதி வேலைக்குப் போகும் வழியில் சித்திரியின் முறையீட்டு அறைக்குள் நுழைந்தார்.

ஒரு நாற்காலியும் ஒரு வில்லையும் மட்டுமே உள்ள அறை. பரஞ்சோதி சுற்றி வளைத்துத்தான் பேசினார். மருத்துவர் வழுக்கினாலும் காட்டுகிறாய், வளைவுச் செயலாளர் தாமோதரன் குளியலறையில் பாடுவதையும் காட்டுகிறாய், ஆனால் அவர்கள் விஷயத்தில் ஏதோ ஒரு பிரியம் தெரிகிறது, என் விஷயத்தில் மட்டும் அது இல்லையே என்று கேட்டார்.

சித்திரி அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. விளக்கியது. ஒருவர் விழுந்து கூட்டம் சிரித்து முடித்ததும், பார்ப்பவர்களின் கண் விழுந்தவர் முகத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று திரைக்கு மேலுள்ள வில்லை அளக்கிறது. அதற்குத் தங்கல் என்று பெயர். எவ்வளவு நேரம் கண்கள் தங்குகின்றனவோ, அடுத்த முறை அவ்வளவு நேரம் சித்திரமும் அந்த முகத்தில் தங்கும். வலிக்கிறதா, வெட்கமா, தனக்குத் தானே சிரித்துக்கொள்கிறாரா என்று அந்த நேரத்தில்தான் தெரியும். மருத்துவருக்குத் தங்கல் ஒரு விநாடிக்கு மேல். தாமோதரனுக்கு முக்கால் விநாடி. பம்பரத்துக்கு ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்குள் முகத்தை வரைய முடியாது, தொந்தியை வரையலாம்.

"நான் யாரையும் ஏளனம் செய்வதில்லை" என்றது சித்திரி. "நீங்கள் எல்லோரும் கண்ணை எடுக்கிறீர்கள். நானும் எடுத்துவிடுகிறேன்."

"எங்க வீட்லயுமா?"

தனித்தனியாகச் சொல்ல அனுமதி இல்லை என்றது.

அன்று மாலை பரஞ்சோதி திரையைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தார். பம்பரம் ஒரு வாளியோடு படியில் உருண்டான். கூடம் அதிர்ந்தது. அமிர்தகலா தலை குனிந்து தட்டில் இருந்த கறிவேப்பிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள். பாட்டு வந்து அடுத்த காட்சி தொடங்கும்வரை அவள் நிமிரவில்லை. இருபத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவளுக்கே நம் முகம் பார்க்கச் சலிப்பாக இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஆயுளில் ஒருமுறை பாத்திரத்தை மாற்றக் கேட்கலாம் என்று விதி இருந்தது. ஆனால் பம்பரத்தின் இடம் காலியாக இருக்கக்கூடாது. மாற்றக் கேட்பவர், அந்த இடத்துக்கு வேறொருவர் பெயரைச் சொல்ல வேண்டும். கதை அறுந்துபோகாமல் இருக்க, அவரும் தண்ணீர்ப் பிரிவைச் சேர்ந்தவராக இருப்பது நல்லது. இதுவரை எதற்கும் முறையிடாதவராக இருந்தால் மிகவும் நல்லது. சித்திரி மூன்று பெயர்களை வைத்தது. மூன்றாவது பெயர் பிலவேந்திரன்.

பயிர்ப் பாத்திகளுக்குத் தண்ணீர் விடுகிறவர் அவர். அறுபதை நெருங்குகிறார், அடர்ந்த புருவம், லேசான கூன். மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது, பிள்ளைகள் கிடையாது. எதிர் அறையில்தான் குடியிருந்தார். பரஞ்சோதிக்கு அவர்மேல் எந்தக் கோபமும் இல்லை. கோபம் இல்லாததுதான் வசதியாக இருந்தது. அவருக்குக் கட்டிக்கொடுக்கப் பெண் இல்லை, அவரைத் தேடி யாரும் வண்டியேறி வரப்போவதில்லை, ஒருவேளை தன்னை நாலு பேர் பார்க்கிறார்களே என்று சந்தோஷப்பட்டாலும் படுவார். இப்படி ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு பரஞ்சோதி விரலை வைத்து ஒப்புதல் கொடுத்தார். யார் பெயர் சொன்னது என்பது வெளியே தெரியாது என்று சித்திரி உறுதி சொன்னது.

அடுத்த திங்கட்கிழமை பம்பரத்தின் தொந்தி மறைந்து, முதுகில் கூன் விழுந்தது. முடி நெற்றியிலிருந்து இறங்கிப் புருவமாயிற்று. பெயர் மாறவில்லை. பரஞ்சோதியின் சாயலில் பண்பாளர் என்று ஒரு புதுப் பாத்திரம் வந்தது. நிமிர்ந்து நடந்து, கதவருகே நின்று ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போகிற பாத்திரம். கூடத்தில் ஒரு கணம் சலசலப்பு, அவ்வளவுதான். பாத்திகளிடம் பேசிக்கொண்டே நடந்த புதுப் பம்பரம் குழாயில் கால் சிக்கி, மெல்ல, மிக மெல்ல, கீரைப் பாத்திக்குள் முகம் குப்புற விழுந்தான். தாமோதரன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பரஞ்சோதிக்கும் சிரிப்பு வந்தது. ஒன்பது வருடத்தில் முதல்முறையாக வயிறு குலுங்க வந்த சிரிப்பு. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபோது திரையில் அடுத்த காட்சி ஓடிக்கொண்டிருந்தது. விழுந்தவன் முகத்தைத் தான் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பிலவேந்திரன் மறுநாளும் வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் கைகழுவும் இடத்தில் பரஞ்சோதி அவரிடம் மாட்டிக்கொண்டார். ஏதாவது பேசியாக வேண்டியிருந்தது.

"ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க அண்ணாச்சி."

"எனக்கென்ன தம்பி" என்றார் பிலவேந்திரன். "யாராவது ஒருத்தர் விழணுமாம்லா. இத்தன வருசம் நீங்க விழுந்தீய, நான் உக்காந்து சிரிச்சேன். ஒருநா வந்து உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டனா? இப்பம்தான் தோணுது."

பரஞ்சோதி கையை இரண்டாம் முறை கழுவினார்.

அதற்குப் பிறகு பிலவேந்திரன் பாத்திகளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார் என்று நிறைமதி சொன்னாள். அவளுடைய அலுவலகம் பாத்திகளுக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கிருந்த வில்லையை மூட முடியாது என்று தெரிந்ததும் அவர் வாயை மூடிக்கொண்டாராம். யார் இதைச் செய்தது என்று கண்டுபிடித்தால் முகத்துக்கு நேரே கேட்பேன் என்றாள். பரஞ்சோதி தொண்டையை மட்டும் செருமிக்கொண்டார்.

குறித்த நாளில் பனிவண்டி வந்தது, தாயாரும் மகனும் இறங்கினார்கள். செங்கமலம் உயரமான பெண்மணி. இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை, பனியில் போனவை. வீட்டில் எல்லாம் நன்றாகவே நடந்தது. கதிரேசனும் நிறைமதியும் முதன்முதலாக நேரில் பார்த்தும், நேற்று விட்ட பேச்சைத் தொடர்வதுபோல் பேசினார்கள். செங்கமலம் அமிர்தகலாவோடு சேர்ந்து பாசிமாவு முறுக்கு பிழிந்தாள். பரஞ்சோதியிடம் மரியாதையாக நாலு வார்த்தை பேசினாள். மரியாதைக்கு மேலே ஒன்றும் அதில் இல்லை, அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

மாலையில் உணவுக்கூடத்துக்குப் போனார்கள். வாசலில் கால் வைத்ததுமே செங்கமலம் நின்றுவிட்டாள். எதிரே மூலையில் பிலவேந்திரன் தனியாக உட்கார்ந்து தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் யாரிடமும் எதுவும் கேட்காமல் நேராகப் போய் அவர் எதிரில் உட்கார்ந்து, விரல் குறைந்த கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானே பம்பரம்?"

பிலவேந்திரன் திகைத்துப்போய்த் தலையசைத்தார்.

"படத்துல முகத்த மாத்திட்டாங்களேன்னு போன வாரம் எனக்குப் பெரிய வருத்தம். இப்பத்தான் புரியுது, நெச முகத்தையே போட்டிருக்காங்க."

அவள் தாழ்ந்த குரலில்தான் சொன்னாள். ஆனால் கூடம் அடங்கிவிட்டதால் எல்லோருக்கும் கேட்டது. பனிச்சுரங்கம் சரிந்து அவள் கணவன் இறந்த வருடம் அவள் எழுந்து வேலைக்குப் போகவே இல்லையாம். மகன் வலுக்கட்டாயமாகத் தொடர் முன்னால் கொண்டுவந்து உட்கார வைப்பானாம். வடபனிக் குடியில் விழாத ஆள் கிடையாது, அதனால் அங்கே யாரும் பம்பரம் விழும்போது சிரிப்பதில்லை, எழுந்திருக்கும்போதுதான் சிரிப்பார்களாம். ஏழாம் வளைவின் சித்திரம் சட்டென்று அடுத்த காட்சிக்குத் தாவிவிடும் என்பதால், அவர்கள் படத்தை நிறுத்தி வைத்துப் பார்ப்பார்களாம்.

"விழுந்து எந்திரிச்சதும் நீங்க முழங்காலப் பாக்க மாட்டீங்க. மொதல்ல பம்ப்பத்தான் தொட்டுப் பாப்பீங்க, ஓடுதா நின்னுபோச்சான்னு. அந்த ஒரு கை நீள்றதுக்காகவே மூணு வருசம் பாத்தேன். இந்த ஊர்ல பொண்ணு எடுக்கலாம்னு என் மகன் சொன்னப்ப, பம்பரம் இருக்கற ஊருதானேன்னு சரின்னேன்."

பரஞ்சோதி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். பம்ப்பைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் தனக்கு இருப்பதே அவருக்கு அதுவரை தெரியாது. பிலவேந்திரன் அவர் பக்கம் திரும்பினார். பார்வையில் கேள்வி எதுவும் இல்லை. கையில் தவறுதலாக வந்து சேர்ந்த பொருளை உரியவரிடம் நீட்டுகிற பார்வை அது. பேசாமல் இருந்திருந்தால் எதுவும் நடந்திருக்காது. கல்யாணம் நடந்திருக்கும். பண்பாளர் கதவருகே நின்று நல்ல வார்த்தை சொல்லிக்கொண்டிருந்திருப்பார்.

"அம்மா, அது நான்" என்றார் பரஞ்சோதி. தொண்டையைச் செருமினார். செங்கமலத்தின் தலை சடக்கென்று நிமிர்ந்தது. அந்தச் செருமல் அவளுக்குத் தெரியும். "ஒம்போது வருசம் நான்தான். நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சதும் வெக்கப்பட்டு அந்த எடத்த அண்ணாச்சி தலையில கட்டிட்டேன். அவர் பேரச் சொன்னது நான்தான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. இருநூற்றுச் சொச்சம் பேரும் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு அவரையே பார்த்தார்கள். கண்ணை எடுக்காமல் பார்த்தார்கள். அப்படி ஒரு பார்வையை அவர் அந்தக் கூடத்தில் கண்டதில்லை. நிறைமதியும் பார்த்தாள், முகத்துக்கு நேரே கேட்பேன் என்று சொன்னவள் கேட்கவில்லை. அமிர்தகலா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். செங்கமலமும் குனிந்துகொண்டாள்.

பிறகு செங்கமலம் பிலவேந்திரன் கையை விடாமலே, காலால் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நான் பாத்த ஆளு இப்பிடிச் செய்வார்னு நெனைக்கல" என்றாள். "எந்திரிச்சு வந்து சொல்றதும் அந்த ஆளுதான். உக்காருங்க அண்ணே."

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது பரஞ்சோதி மனைவியிடம் கேட்டார், ஏன் நேற்றும் தலையைக் குனிந்துகொண்டாய், அவ்வளவு அருவருப்பா என்று. அமிர்தகலா அவரை விசித்திரமாகப் பார்த்தாள்.

"ஒம்போது வருஷமா நீங்க விழும்போதெல்லாம் நான் தட்டத்தாங்க பாத்தேன். மத்தவங்க சிரிக்கட்டும். உங்க மூஞ்சியப் பாத்தா எனக்குத் தாங்காது."

அவர் சித்திரியின் அறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். தங்கல் கணக்கு தப்பு, கண்ணை எடுப்பவர்கள் எல்லோரும் வெறுப்பில் எடுப்பதில்லை, என்னை மறுபடி பம்பரமாக்கு, அண்ணாச்சியை விட்டுவிடு என்றார். ஆயுளில் ஒருமுறைதான் என்று சித்திரி நினைவூட்டியது. பிறகு வாழ்த்தும் சொன்னது. நேற்று மாலை உணவுக்கூடத்தில் அவர் முகத்தில் மக்களின் கண்கள் தங்கிய நேரம் பதினொரு விநாடி. இந்தக் கோளின் எந்த வளைவிலும் இதுவரை இப்படிப் பதிவானதில்லை. இவ்வளவு அன்பு பெற்ற ஒரு மனிதரை எப்படி விழ வைப்பது என்று கேட்டது.

அன்றைய தொடரில் பண்பாளரின் முகம் திரையை நிறைத்துக்கொண்டு பதினொரு விநாடி நின்றது, பின்னணியில் வயலினோடு. அடுத்த நாளும் நின்றது. அவர் எதிரே வந்தால் ஒதுங்கிப் போனவர்கள் மாலையில் திரையில் அவரைக் கண் கொட்டாமல் பார்த்தார்கள். பார்க்கப் பார்க்கச் சித்திரி இன்னும் காட்டியது. இரண்டு வாரத்தில் மற்ற வளைவுகளும் அந்தக் காட்சியைக் கேட்டு வாங்கிப் போட்டன.

கல்யாணம் நல்லபடியாக நடந்து நிறைமதி வடபனிக்குப் போய்விட்டாள். போகுமுன் அப்பாவிடம் ஒரே ஒரு விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள். அதை அவர் தவறாமல் செய்தார். மாலையில் பம்பரம் விழும்போது பரஞ்சோதியும் அமிர்தகலாவும் கண்ணை எடுக்காமல் அந்தப் புருவம் அடர்ந்த முகத்தையே பார்த்தார்கள். தாங்கவில்லை என்றாலும் பார்த்தார்கள். இருநூறு பேரில் இரண்டு பேரின் பார்வையால் தங்கல் எவ்வளவு கூடும் என்று தெரியவில்லை. பிலவேந்திரன் அவர்கள் பக்கத்தில்தான் இப்போது சாப்பிடுகிறார். வடபனியிலிருந்து வாரம் ஒரு கடிதம் அவருக்கு வருகிறது.

கல்யாணம் முடிந்த அடுத்த மாதம் ஒரு மாலை, மூன்றாம் மேசையில் ஒரு பெண் எழுந்து நின்று, அக்காவின் பாத்தியிலிருந்து தக்காளி பறித்ததாகச் சொல்லிக் குரல் தழுதழுத்தாள். அவளுக்கு நான்கு விநாடித் தங்கல் கிடைத்தது. மறுநாள் இரண்டு பேர் எழுந்தார்கள். அதற்கடுத்த வாரம் வரிசை நிர்ணயிக்க வேண்டியதாயிற்று. ஒரே ஆள் இரண்டு முறை எழுந்திருக்கக்கூடாது, ஏற்கெனவே சொல்லப்பட்ட குற்றத்தைச் சொல்லக்கூடாது என்று செயலாளர் தாமோதரன் விதிகள் எழுதினார். சொல்வதற்குக் குற்றம் இல்லாதவர்கள் கொஞ்சம் முன்கூட்டியே ஏதாவது செய்து வைத்துக்கொண்டார்கள்.

தாமோதரனின் முறை ஒரு வியாழக்கிழமை வந்தது. அவர் பரஞ்சோதியின் மேசையருகே வந்து நின்றார். ஒன்பது வருடமாகப் பம்பரத்தைப் பார்த்து அதிகமாகச் சிரித்தது தான்தான் என்றும், ஒரு நல்ல மனிதரின் மனம் எப்படிப் புண்பட்டிருக்கும் என்பதை இப்போதுதான் உணர்வதாகவும், இனி ஆயுளுக்கும் அவருக்குக் கடன்பட்டவன் என்றும் சொன்னார். நன்றாகத் தயாரித்திருந்தார். கண்ணீரும் வந்தது.

பரஞ்சோதி பாதி உண்ட தட்டோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறையாவது தன் பக்கம் திரும்புவார் என்று நினைத்தார். தாமோதரன் கடைசி வார்த்தைவரை திரைக்கு மேலிருந்த வில்லையைப் பார்த்தே பேசினார்.